விளிம்பு வெட்டிய சக்கரம்

போன வாரம் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் தண்டு தேய்ந்துவிட்டதென்று கும்மிடிப்பூண்டிக்கு எடுத்துப் போயிருந்தேன். லேத் பட்டறைக்குள் கால் வைத்ததும் அந்த வாசனை. இரும்பை வெட்டும்போது சூடு தணிய எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் மாதிரி ஒன்றை ஊற்றுவார்களே, அது ஆவியாகிற வாசனை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் இதே வாசனையில் நின்றுகொண்டு ஒன்றைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டேன். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. மெட்ராஸில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் உந்தம், ஆற்றல், திருப்புவிசை என்று தமிழில் படித்துவிட்டு வந்தவனை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் போட்டார்கள். மொமெண்ட், மொமெண்டம், மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா, மூன்றும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பேராசிரியர் திருப்புவிசையை 'டார்க்' என்று சொன்னபோது, சக்கரத்துக்கும் இருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தேன். சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தான். தேசிங்கு எனக்கு நண்பனானது அப்படித்தான்.

பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பம் அவனுடையது. படகில் ஏரியைத் தாண்டி, பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, என்னோடு கரி எஞ்சின் பாசஞ்சரில் ஏறுவான். பேண்ட் ஓரத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கும். ஆங்கிலத்தில் என்னைவிட மோசம். ஆனால் எதையும் கையால் செய்து பார்க்காமல் நம்பமாட்டான். உந்தம் அழியாது என்று புத்தகத்தில் இருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் படகிலேயே எனக்குக் காட்டினான். கரைக்கு இரண்டடி இருக்கும்போது "எட்டிக் குதிடா" என்றான். குதித்தேன். நான் முன்னால் போக, படகு பின்னால் போக, நடுவில் இருந்த சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாத்தியா? நீ அத ஒதச்சிக்கினுதான போற? அது மட்டும் சும்மா நிக்குமா?"

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அவன் அம்மா, "இன்னாடா இது, படிக்கிற புள்ளைய இப்டி பேஜாரு பண்ற" என்று அவனைத் திட்டிக்கொண்டே சிரித்தார். அன்றைக்கு அவர் வைத்த மடவை மீன் குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

எங்கள் லேபில் சுவரில் பதித்த தாங்கியில் ஒரு கனத்த இரும்புச் சக்கரம் இருந்தது. ஃப்ளைவீல் என்போம். அதன் அச்சில் நூலைச் சுற்றி, நுனியில் எடைக்கல்லைக் கட்டி விடவேண்டும். கல் இறங்க இறங்கச் சக்கரம் வேகமெடுக்கும். கல் கழன்று விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். நிற்பதற்குள் எத்தனை சுற்று, எத்தனை விநாடி என்று எண்ணி, அதிலிருந்து மொமெண்ட் ஆஃப் இனர்ஷியாவைக் கண்டுபிடிக்க வேண்டும். சுற்ற வைத்தாலும் நிறுத்தினாலும் சக்கரம் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதற்கான கணக்கு அது. தேசிங்கு முதல் தடவை அதைச் சுற்றவிட்டபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"கல்லு வுழுந்துட்ச்சு. அதுங்கிட்ட இருந்த வேகமெல்லாம் எங்க போச்சு? இதுக்குள்ள பூந்துகினு சுத்துது பாருடா."

எனக்கு அந்த ஆச்சரியம் எல்லாம் இல்லை. என்னிடம் சீனியர் ஒருவருடைய பழைய ரெக்கார்டு நோட்டு இருந்தது. வருஷா வருஷம் அந்தச் சக்கரத்துக்கு ஒரே எண்தான் வரும். அந்த எண்ணைக் கீழே எழுதிவிட்டு, அதற்குத் தோதாக அளவுகளை மேலே நிரப்பிக்கொண்டு போவேன்.

மூன்றாம் வருஷம் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் லேபுக்கு வெள்ளையடித்தார்கள். சக்கரத்தைக் கழற்றும்போது அட்டெண்டர் ஏகாம்பரம் கை நழுவவிட்டார். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. அவர் கும்மிடிப்பூண்டிக்காரர். அவருடைய மச்சான் அங்கே லேத் வைத்திருந்தார். ரயிலில் என் வழிதானே என்று என்னையும் ஒரு கை பிடிக்கச் சொன்னார். சாக்கில் கட்டி இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம்.

"சில்லு தெரியாம ஒரே சீரா வரணும்னா சுத்திலும் அர இஞ்ச் எடுக்கணும் நைனா" என்றார் மச்சான்.

எடுத்தார். சுருள் சுருளாக இரும்பு என் காலடியில் விழுந்தது. அச்சுக்குத் தூரத்தில் இருக்கும் இரும்புக்குத்தான் கணக்கில் மதிப்பு அதிகம் என்பதை அதற்குள் படித்திருந்தேன். பழைய எண் இனி வராது என்று அங்கேயே தெரிந்தது. திரும்பும்போது ஏகாம்பரம், "யார்கிட்டயும் சொல்லாத தம்பி, மெமோ குடுத்துருவாங்க" என்றார். கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டார்.

தேர்வன்று காலை சீட்டு எடுத்தேன். ஃப்ளைவீல். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். கால் பங்குக்கு மேல் குறைவாக வந்தது. ஏன் என்று அந்த அறையில் என்னையும் ஏகாம்பரத்தையும் தவிர யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கையில் பழைய எண்களின் பட்டியல் இருந்தது. என் பேனா பழைய எண்ணையே எழுதியது. அவர் பார்த்துவிட்டு "குட்" என்றார்.

மத்தியானம் அதே சக்கரம் தேசிங்குக்கு விழுந்தது. சாயங்கால ரயிலுக்குச் சேர்ந்து போகலாமென்று வராந்தாவில் காத்திருந்தேன். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது.

"என்னய்யா இது? காலைல இதே வீலுக்கு ஒரு பையன் கரெக்டா போட்டிருக்கான். நீ எங்கயோ போற?"

"நாலு வாட்டி சுத்தினேன் சார். நாலு வாட்டியும் இதான் வந்துச்சு."

"ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதா உனக்கு?"

வாசலில் நின்ற ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உள்ளே போக நாலு எட்டுதான் இருந்தது. போகவில்லை.

ரயிலில் அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். "எங்கடா தப்பு பண்ணேன்? நீயாவது சொல்லேன்." பொன்னேரி வரைக்கும் கேட்டான். நான் சொன்ன பதில் இது: "நூலு வழுக்கியிருக்கும்டா."

முடிவு வந்தபோது எல்லாத் தாளிலும் தேறியிருந்தான். செய்முறையில் மட்டும் போயிற்று. ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, அவன் குப்பத்துக்குப் போனேன். ஏரிக்கரை மணலில் உட்கார்ந்திருந்தான். சக்கரத்தை வெட்டினார்கள் என்று சொன்னேன்.

"வெட்னாங்களா? எவ்ளோ?"

"சுத்திலும் அர இஞ்ச்."

ஈர மணலில் விரலால் வட்டம் போட்டான். பக்கத்தில் கணக்குப் போட்டான், அழித்தான், மறுபடி போட்டான். துள்ளி எழுந்தான்.

"டேய், கரெக்டுடா! என் ரீடிங்கு கரெக்டுடா!" ரெண்டு மாசமாகத் தனக்கு ஒன்றும் வராது என்று நம்பியிருந்தவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். பிறகு அந்தக் கை மெல்ல நின்றது.

"உனுக்கு எப்டி தெரியும்?"

"நான்தான் தூக்கிக்கினு போனேன்."

"அப்ப காலைல கரெக்டா போட்ட பையன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை.

"ரயில்ல கேட்டேனேடா. பொன்னேரி வரைக்கும் கேட்டேனே."

அடுத்த நாள் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சக்கரத்தை அளந்து பார்த்தார். முடிவு வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது, அவனை அக்டோபரில் எழுதச் சொல் என்றார். ஏகாம்பரத்தை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தேசிங்கு அந்த நாலு மாதமும் அவன் அப்பாவோடு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்துவிட்டு, அக்டோபரில் எழுதித் தேறினான். அதற்குள் எனக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. அவன் பிற்பாடு பள்ளி ஆசிரியரானான்.

பல வருஷம் கழித்துப் பொன்னேரி ஸ்டேஷனில் எதிரெதிரே வந்துவிட்டோம். மகளோடு நின்றிருந்தான். "இவரு என்கூட படிச்சவரு" என்று அவளிடம் சொன்னான். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றான். முகத்தில் கோபம் ஒன்றுமில்லை. நானும் "நல்லா இருக்கேங்க" என்றேன். மின்சார ரயில் வந்தது. ஏறிக்கொண்டான்.

இப்போது கரி எஞ்சின் இல்லை. அந்த மச்சானின் பட்டறை இருந்த இடத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் மதில் ஓடுகிறது. தேசிங்கு காலமாகி ஆறு வருஷமாகிறது. ஆனால் அந்த மணலில் உட்கார்ந்திருந்த நாளுக்குப் பிறகு, சாகிற வரைக்கும், அவன் என்னை 'டா' என்று கூப்பிடவே இல்லை.