தகட்டுக்குப் பூசிய விபூதி

என் அம்மாவைப் பொறுத்தவரை நான் கவரிங் நகைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அப்படிச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ரசாயனத் தொழிற்சாலைகளில் அமிலத்தை அழுத்தத்தில் வைத்துக் காய்ச்சும் பெரிய கலன்கள் இருக்கும். வெறும் இரும்பில் செய்தால் அமிலம் அரித்துத் தின்றுவிடும். டைட்டானியம் அரிக்காது, ஆனால் கலன் முழுவதையும் அதிலேயே செய்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் கனமான எஃகுத் தகட்டின் மேல் மெல்லிய டைட்டானியத் தகட்டை ஒட்டி, டைட்டானியம் உள்பக்கம் வரும்படி வளைத்துக் கலன் செய்வார்கள். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும் என்பதால், "கவரிங் மாதிரிம்மா, இரும்பு மேல கவரிங்" என்றேன். அடுத்த வாரமே திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெருப் பெண்கள் வளையல் கம்மி விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வந்துவிட்டார்கள்.

அது தொண்ணூறுகளின் கடைசி. டிப்ளமோ முடித்திருந்தேன். எங்கள் கம்பெனி முன்பு ரைஸ் மில்லாக இருந்த ஒரு கொட்டகை. மழை பெய்தால் இன்னும் தவிட்டு வாசனை வரும். முதலாளி வெளியூர்களில் உலோக வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரில் தொழில் தொடங்க வந்தவர். டைட்டானியம் ஒட்டுவதில் எங்களுக்குக் கிடைத்த முதல் ஆர்டர் ஒரே ஒரு தகடு. அது தேறினால் அடுத்த தகடு வரும், தேறாவிட்டால் கொட்டகை மறுபடி நெல் அரைக்கப் போய்விடும். கொட்டகை போனால் என் வேலையும் போகும். வீட்டில் என் ஜாதகம் ஏற்கெனவே பீரோவை விட்டு இறங்கி டிவி மேல் வந்து உட்கார்ந்திருந்தது. வேலை நிலைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கோ அந்த வேலை பைத்தியமாகப் பிடித்திருந்தது.

பிடிக்காமல் எப்படி இருக்கும்? நாங்கள் ஒட்டியது பசையால் அல்ல, வெடியால். டைட்டானியத்தையும் எஃகையும் சேர்த்து உருக்கினால் இரண்டும் முறைத்துக்கொண்டு விரிசல் விட்டுவிடும். அதனால் எஃகுத் தகட்டைக் கீழே போட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு டைட்டானியத்தை மேலே நிறுத்தி, அதன் மேல் வெடிமருந்தைப் பரப்பிக் கொளுத்துவோம். மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் போய் அறைகிற வேகத்தில் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஊரைத் தாண்டி ரொம்ப தூரத்தில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் இதைச் செய்வோம். லைசென்ஸ் உள்ள வெடிக்காரர் ஒருவர் வந்து விசில் ஊதுவார். பௌர்ணமியை ஒட்டி மட்டும் வெடி கிடையாது. கிரிவலம் வருகிற கூட்டம் எங்கள் சத்தத்தைக் கேட்டு மலைதான் ஏதோ சொல்லிவிட்டது என்று முடிவு கட்டினால் யார் பொறுப்பு?

முதலாளிக்குச் சுத்தம் என்றால் சாமியாட்டம்தான். தகடுகள் ஒட்டிக்கொள்ள வேண்டிய முகங்களைத் தேய்த்து, துடைத்து, பளபளவென்று வைத்திருப்போம். "வெறும் கையால தொட்டான்னா தொலைச்சிடுவேன்! ஒரு விரல் ரேகை பட்டாலும் அந்த இடம் ஒட்டாது" என்று கத்துவார். ஆட்கள் கையுறையைக் கழற்றாமலே டீ குடித்தார்கள்.

வெடித்த மறுநாள் தகடு கொட்டகைக்கு வந்தது. சோதிப்பது என் வேலை. என்னிடம் சின்னத் திரை வைத்த ஒரு பெட்டியும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருவியும் இருந்தன. தகட்டில் எண்ணெய் தடவிக் கருவியை வைத்தால் ஒலி உள்ளே போகும். அடிவரை போய்த் திரும்பினால் தகடுகள் ஒட்டியிருக்கின்றன. பாதியிலேயே திரும்பினால் அங்கே ஒட்டவில்லை. ஒட்டாத இடத்தை மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு வளைக்க வேண்டும்.

ஓரமெல்லாம் அருமையாக ஒட்டியிருந்தது. தலைப்பக்க ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே வந்ததும் ஒலி பாதியில் திரும்பியது. வளைத்துக்கொண்டே போனேன். முழங்கை நீளத்துக்கு ஒரு பட்டை கிடைத்தது. அதன் கீழே இன்னொரு பட்டை. அதற்கும் கீழே மூன்றாவது. பட்டைகளின் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டமும் வந்தபோது எழுந்து நின்று பார்த்தேன். தகட்டின் நெற்றியில் விபூதிப் பட்டையும் பொட்டும் இருந்தன.

ஆட்கள் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். வெடி வைத்த அன்று காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, எல்லோருக்கும் முன்னால் குவாரிக்கு வந்தவர் அவர்தான்.

"எஃகு மேல கொஞ்சம் குழைச்சுப் பூசினேன்" என்றார். "மொதல் தகடு. வெறுமனே எப்படிம்மா அனுப்புறது?"

"சார், விரல் ரேகையே படக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொன்னது அழுக்க. விபூதி அழுக்காம்மா?"

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு இதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஆனால் அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டிவி மேலிருந்த ஜாதகம் கண் முன்னால் வந்து வந்து போனது.

தகடு வாங்குகிற கம்பெனியின் இன்ஸ்பெக்டர் சென்னையிலிருந்து வந்தார். சிரிக்காத மனிதர். காபியைக் கூட வேண்டாமென்று தன் பிளாஸ்கைத் திறந்தார். கொட்டகைக்குள் நுழைந்து தகட்டைப் பார்த்தவர் சட்டென்று நின்றார். குனிந்து ஷூவைக் கழற்றினார். மஞ்சளில் தெரிந்த மூன்று பட்டையையும் பொட்டையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பூஜை போட்டிருக்கீங்களா? நல்ல பழக்கம்" என்றார்.

முதலாளியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். "ஆமாங்க சார்" என்று சொல்லிவிட்டார். அத்தோடு விட்டாரா? "இன்னாம்மா நிக்கிற, சாருக்கு விபூதி குடு" என்று என்னை வேறு விரட்டினார்.

பூஜைக் கோலம் என்று நம்பிய இடத்தில் அந்த மனிதர் கருவியை வைக்கப்போவதில்லை. நான் பேசாமல் இருந்தால் தகடு தேறிவிடும், வேலையும் தங்கும். ஆனால் அந்தத் தகடு எங்கோ ஒரு கலனாக வளைந்து, கொதிக்கும் அமிலத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கும். அதன் பக்கத்தில் ஆட்கள் நடமாடுவார்கள். சோதனை அறிக்கையின் கீழே கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

"சார், அது பூஜை இல்ல. அது ஒட்டாத எடம்" என்றேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இருந்ததால் இன்னொரு முறை சொன்னேன். இரண்டாம் முறை தேவைக்கு ஜாஸ்தியாகவே சத்தம் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஷூவை மாட்டினார். என் கருவியை வாங்கி, மஞ்சள் கோடுகளை ஒட்டியே நகர்த்திப் பார்த்தார். என் கோடு எங்குமே பிசகவில்லை. பிறகு கலனின் வரைபடத்தை விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தார். முதலாளி தூணோடு தூணாக நின்றார்.

"இந்தத் தகட்ட மேல்முனை கீழ்முனையா மாத்தி வளைச்சா, மேன்ஹோல் இந்த எடத்துல வரும்" என்றார் கடைசியில். ஆள் உள்ளே இறங்குவதற்காக எப்படியும் வட்டமாக வெட்டி எறிகிற இடம் அது. மூன்று பட்டையும் பொட்டும் அதற்குள் அடங்கின. கீழ்ப் பட்டையின் முனை மட்டும் விரலகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது அனுமதிக்கிற அளவுக்குள் இருக்கிறதா என்று மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்து, இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

முதலாளி கையைக் கூப்பி, "எல்லாம் அண்ணாமலையார் புண்ணியம் சார்" என்றார்.

"அந்தப் பொண்ணு புண்ணியமும் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "நானா கண்டுபிடிச்சிருந்தா மேன்ஹோலைத் தேடியிருக்கவே மாட்டேன். தகட்டத் திருப்பி அனுப்பிட்டுப் போயிருப்பேன்."

அன்று முழுவதும் முதலாளி என்னிடம் பேசவில்லை. என்னைப் போகச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

இரண்டாவது தகட்டுக்கான ஆர்டர் வந்தது. அதை வெடிக்கிற நாளன்று நான் குவாரிக்குப் போனபோது, முதலாளி பளபளக்கும் எஃகுக்கு முன்னால் தனியாக நின்றிருந்தார். கையில் கோயில் விபூதிப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"உனக்காகத்தாம்மா நின்னுட்டிருக்கேன்" என்றார். "எங்க பூசலாம், நீயே சொல்லு."