பூச்சிமருந்துக் கடைக்காரர் வீட்டில் மனச்சோர்வு

என் மனைவி அஞ்சலை ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். குழவி நின்றுபோயிருந்தது. மாவு அவள் முழங்கை வரை காய்ந்து வெடித்திருந்தது. காலையில் நான் கடை திறக்கும்போது ஆட்ட உட்கார்ந்தவள், மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வந்தபோதும் அப்படியே இருந்தாள்.

"என்ன புள்ள?" என்றேன்.

"முடியலைங்க."

வியாதி எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி உட்கார்ந்திருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ரெண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். அரும்பாவூர்ப் பக்கம் கூலிக்குப் பருத்தி எடுத்த குடும்பம். அப்படிப்பட்டவன் எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூரில் சொந்தமாக உரக்கடை, பூச்சிமருந்துக்கடை வைத்தேன். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் குடோன். பூலாம்பாடியிலிருந்தும் அரியலூரிலிருந்தும் பருத்திக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். இலையைப் பார்த்தே பூச்சியைச் சொல்லிவிடுவேன். இதில் எனக்கு நிகரானவன் அன்று சுற்றுவட்டாரத்தில் இல்லை.

அஞ்சலையோ சாப்பாட்டைக் குறைத்தாள். தூக்கம் போனது. பூசாரி மந்திரித்தார், பலனில்லை. ஒரு நாள், "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்றாள். அதைக் கேட்டதும் அவளை பஸ் ஏற்றித் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் 'டிப்ரஷன்' என்றார் (மனச்சோர்வு நோய், சோம்பலோ பிடிவாதமோ அல்ல, வாழும் ஆசையையே உறிஞ்சிவிடுகிற வியாதி).

"அவளுக்கு என்ன சார் குறை? ஓட்டு வூடு கட்டியிருக்கேன். கழுத்து நெறைய போட்டிருக்கேன்."

"குறை இருந்தாத்தான் வரணும்னு இல்லீங்க. சர்க்கரை வியாதி ஏழை பணக்காரன் பாத்தா வருது?"

வார்டில் சேர்த்தார்கள். ரோஸ்லின் சிஸ்டர் என்ற நர்ஸ், மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார். விழுங்கும்வரை நிற்பார், வாயைத் திறந்து காட்டச் சொல்வார். அங்கே குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. சாதாரணமாக நடந்து போகிறவர்போலவே சிஸ்டர் அடிக்கடி அஞ்சலையின் கட்டிலைக் கடந்து போவார்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. சிஸ்டர் என்னை நடைபாதை பெஞ்சில் உட்காரவைத்தார்.

"என்ன தொழில்ங்க பண்றீங்க?"

என் நெஞ்சு நிமிர்ந்தது. "பூச்சிமருந்து, சிஸ்டர். எங்க தாலுகாவுல எங்கிட்ட இல்லாத மருந்து கெடையாது. வூட்டுக்குப் பின்னாடியே குடோன். எந்நேரமும் சரக்கு நெறஞ்சே இருக்கும்."

அவர் பேனாவை மூடினார். "சாவி எங்க இருக்கும்?"

"சமையக்கட்டு ஆணியில."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"அப்ப இன்னைக்கு அனுப்ப முடியாதுங்க. பூட்டுனா போதாது, சரக்கு அங்க இருக்கவே கூடாது. கூரை எரவாணத்துலயும் பாருங்க. எங்கப்பாவும் பருத்திக்காரர்தான். மருந்து அடிச்சது போக மிச்சத்த அங்கதான் சொருவி வெப்பாரு."

"சீசன் நேரம் சிஸ்டர்."

"மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சதும் சிலருக்குக் கை காலுக்கு மொதல்ல தெம்பு வந்துடும். மனசு தேற நாளாவும். அந்த எடவெளியிலதான் நாங்க பயப்படுவோம். எழுந்து நடக்குறாங்களேன்னு அசந்துடாதீங்க."

ஊருக்குத் திரும்பி, சரக்கு முழுவதையும் லாரியில் ஏற்றி வேறு தெருவில் ஒரு கொட்டகைக்கு மாற்றினேன். சீசனில் வேறெந்தக் கடைக்காரனும் இதைச் செய்திருக்க மாட்டான். எதிர்க்கடைக்காரன் சிரித்தான்.

"என்னய்யா, பொண்டாட்டிக்குப் பயந்தா சரக்க ஓட்டுற?"

"ஆமாய்யா, பயந்துதான்."

எரவாணத்தில் கைவிட்டுத் துழாவினேன். துணி அடைத்த ஒரு பழைய பாட்டில் அகப்பட்டது. யார் எப்போது வைத்ததோ தெரியாது. அதையும் கொட்டகைக்கே கொண்டுபோய்ப் போட்டேன்.

அஞ்சலை வீடு வந்தாள். அவள் தங்கை கொளஞ்சி துணைக்கு வந்தாள். அறைத் தாழ்ப்பாள்களைக் கழற்றினேன். நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி அவளோடு இருந்தோம்.

"கல்லாவுல கால்மேல கால் போட்டு உக்காருற மாமா, கொல்லக்கதவுல காவல் நிக்கிறாரு பாருக்கா" என்றாள் கொளஞ்சி.

அஞ்சலை சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. கொளஞ்சி பூரித்துப்போனாள். எனக்கு சிஸ்டர் சொன்ன இடைவெளி ஞாபகம் வந்தது. தெம்பு வந்துவிட்டது.

அதே வாரம் ஒரு மத்தியானம் கடையிலிருந்து வீட்டுக்குள் வந்தேன். கொளஞ்சி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சலையின் கட்டில் காலி. கொல்லைக்கதவு திறந்திருந்தது, குடோன் கதவும் திறந்திருந்தது.

ஓடினேன். உள்ளே வெறுந்தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஏறிய மருந்து வாடை இன்னும் போகவில்லை. மண்டிபோட்டு அவள் வாயை முகர்ந்தேன்.

"மோந்து பாக்காதீங்க. ஒண்ணும் குடிக்கல."

பிறகு அவளே சொன்னாள். "அதுக்குத்தான் வந்தேன். காலியா கெடந்துச்சு. என்ன பண்றதுன்னு தெரியல, உக்காந்துட்டேன். அழுவையா வந்துச்சு."

"இப்ப?"

"பசிக்குதுங்க."

சோறு போட்டுக் கொடுத்துவிட்டு அன்றே மறுபடி திருச்சிக்கு அழைத்துப் போனேன். யாரும் திட்டவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றினார். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய்விட்டுச் சொன்னீங்க பாருங்க, அதான் பெருசு. எப்ப தோணுனாலும் சொல்லிடுங்க" என்றார்.

தேற வெகுநாள் ஆனது. ஆனால் தேறினாள். இன்று கடையில் என்னைவிட அவள்தான் அதிகாரம்.

என் உடம்புதான் பழையபடி இல்லை. வியாபாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே காது தானாக வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். முன்பெல்லாம் விதைப்பு, எடுப்பு என்று வருஷக் கணக்கில் ஓடியவன் நான். இப்போது ஒரு நாளுக்கு மேல் யோசிக்க வருவதில்லை. காலையில் அவள் எழுந்து முகம் கழுவும் சத்தம் கேட்கும்வரை விழித்துக்கொண்டே கண்ணை மூடிப் படுத்திருப்பேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் எழுந்திருப்பேன்.