அடுப்புக்குப் பக்கத்துக் கதவு

என் அம்மா குருவம்மாளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ராஜபாளையத்து நூல்மில்லில் நின்றே வேலை பார்த்த கால்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் பஸ்ஸில் சீட் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளை நியூசிலாந்துக்கு வரவழைத்து, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற வேனில் ஏற்றி ஊர் சுற்றக் கிளம்பினேன். என் கிறுக்குப் புத்தி!

முதல் நாளே அடுப்புக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே கக்கூஸ். எங்கள் வீட்டில் அது கொல்லைக் கடைசியில், முருங்கை மரத்துக்கும் அப்பால் இருக்கும்.

“ஏலே, சோறு பொங்குற எடத்துலயா இது? மனுசன் இருப்பானா இதுல?”

அதன்பிறகு அவள் தண்ணீரே குடிக்கவில்லை. மலையையும் ஏரியையும் விட்டுவிட்டு, “பெட்ரோல் பங்க் வருதா? பங்க் வருதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வந்ததும் இறங்கி ஓடினாள்.

மூன்றாம் நாள் ஆளில்லாத ஏரிக்கரையில் மழை பிடித்துக்கொண்டது. வேனுக்குள்ளேயே சோறு வடித்து இறக்கினாள். செத்த நேரத்தில் அவள் முகம் மாறியது.

“எல்லாரும் கீழ எறங்குங்க.”

“மழை பெய்யுது அத்தை,” என்றாள் என் மனைவி மாரிச்செல்வி.

“ஏட்டி, எறங்குன்னா எறங்கு! அந்தச் சோத்துப் பானையையும் தூக்கு.”

பானையோடு இருவரும் மழையில் நின்றோம். இருந்தது ஒரே குடை. அதை எங்கள் தலைக்கு மேல் பிடித்தேன். வேன் கதவு திறந்து அம்மாவின் தலை எட்டிப் பார்த்தது.

“ஏலே, குடையச் சோத்துக்குப் பிடிலே!”