நீலச் சீட்டில் மூன்று புள்ளடி

லண்டன் ஹரோவில் வாமதேவனின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய குரல் தெரியாத சொந்தக்காரர் ஐரோப்பாவில் எவரும் இல்லை. பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்த காலத்தில் ரெலிபோன் காட் சுரண்டிச் சுரண்டிப் பேசியவர், ஓய்வு பெற்றபின் அதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டார். பாரிசில் கல்யாணப் பேச்சு, ஒஸ்லோவில் செத்தவீடு, எதுவானாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். முகம் கொடுத்துப் பேசாத சகோதரர் இருவரை ஒரே அழைப்பில் கோத்துவிட்டு, தான் மெல்ல நழுவிவிடுவார். தூரத்துக்கு ஏற்றபடி சத்தம் கூடும். அவர் கனடாவுக்குப் பேசத் தொடங்கினால் மனைவி லோஜினி குசினிக் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஒரே ஒரு ஆளோடு பேசும்போது மட்டும் அந்தக் குரல் தணிந்துவிடும். அது சுவீடனில் இருக்கும் தங்கை சிவரூபினி.

தொண்ணூறாம் ஆண்டு இருவரும் சேர்ந்துதான் ஊரை விட்டு வெளிக்கிட்டார்கள். மொஸ்கோவில் வைத்து, ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் பிரித்துவிட்டான். தங்கச்சி முதலில் சுவீடனுக்குப் போகட்டும் என்றான். இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளையிடம், "ரெண்டு கிழமையில லண்டனுக்குக் கூப்பிடுறன்" என்று சொல்லி அனுப்பினார் வாமதேவன். கூப்பிட முடியவில்லை. விசா, வழக்கு, கல்யாணம் என்று காலம் ஓடிவிட்டது. அவள் தனியாகவே அந்தப் பாஷையைப் படித்தாள், மருத்துவத்தாதியானாள், பிள்ளை வளர்த்தாள். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, அண்ணனிடம் ஒன்றும் கேட்டதுமில்லை. அவள் கேட்காததுதான் அவரை அரித்தது.

அப்படிப்பட்டவள் கோடை தொடக்கத்தில் ஒருநாள் கேட்டாள்.

"அண்ணை, நான் பிராந்திய சபைத் தேர்தலில நிக்கிறன். எங்கட சனத்துக்கு ஒருக்காச் சொல்லிவிடுறியளோ?"

அந்த நாட்டில் ஆஸ்பத்திரிகளை நடத்துவது பிராந்திய சபைதான். அவளுடைய சிறு நகரத்தின் பிரசவ வார்ட்டை மூடப் போகிறார்களாம். பிறகு வயிற்றுப்பிள்ளைக்காரிகள் பனிக்குள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காரில் ஓடவேண்டும். அதைத் தடுக்கத்தான் நின்றாள். கட்சி அவள் பெயரைப் பட்டியலின் அடியில் போட்டிருந்தது. ஆனால் கட்சியின் நீலநிற வாக்குச்சீட்டில் போதிய பேர் அவள் பெயருக்கு நேரே பெருக்கல் குறியாகப் புள்ளடி போட்டால், அவள் மேலே ஏறிவிடலாம்.

வாமதேவன் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். அந்தப் பிராந்தியத்தில் இருந்த ஒரு தமிழ் வீட்டையும் விடவில்லை. அதோடு நின்றிருந்தால் நல்லது. ஊரில் தேர்தல் கடமை பார்த்த கிளாக்கர் அல்லவா, ஆலோசனையும் சொன்னார். ஊரில் கட்சிக்குப் போட்டபிறகு மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். அந்தக் கணக்குத்தான் அவர் தலையில் இருந்தது.

"ரூபிக்கு முதல் போடுங்கோ. பிறகு மேல நிக்கிற ரெண்டு பேருக்கும் போட்டுவிடுங்கோ. கட்சிக்காரரைப் பகைக்கக்கூடாது."

அந்த வீடுகளில் ஒன்றில், சுவீடனிலேயே பிறந்த அஜித்தா மட்டும் சந்தேகப்பட்டாள். "மாமா, ஒண்டுதான் போடலாமெண்டு நினைக்கிறன்."

"பிள்ளை, நான் எத்தினை தேர்தல் பார்த்தனான்" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

தேர்தல் முடிந்த மறுநாள், சிவரூபினியின் பகுதியில் கட்சிக்கு வாக்குக் கூடியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆட்களுக்கு விழுந்த புள்ளடிகளை எண்ணி முடிக்கப் பல நாள் செல்லும் என்றார்கள். வாமதேவன் பொறுக்கவில்லை. கேசரி கிண்டச் சொல்லி அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டில் கை வைத்த நேரம் சிவரூபினி எடுத்தாள்.

"வரேல்லை அண்ணை. கொஞ்சத்தில போச்சுது."

"ஏனாம்?"

"எண்ணுற இடத்துக்குப் போய்ப் பார்த்தனான். ஆரும் போகலாம். மூண்டு புள்ளடி போட்ட சீட்டு ஒரு கட்டு இருந்தது. ஒண்டுக்கு மேல போட்டால் கட்சிக்குச் சேருமாம், ஆளுக்குச் சேராதாம்."

வாமதேவன் கையில் எடுத்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் போட்டார். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் அப்படியே போய்விடும். ஊர் உலகத்தையே பேசிச் சமாளித்த மனிதருக்கு ஒரு பொய் சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? ஆனால் இந்தத் தங்கச்சியிடம் ஏலவில்லை.

"ரூபி, நான்தான் அப்பிடிப் போடச் சொன்னனான்."

"தெரியும் அண்ணை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. அவள் முதன்முதலாகக் கேட்ட ஒரு உதவியையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டாரே.

"அண்ணை, கேக்கிறியளோ? அந்தக் கட்டைத் தனிய எடுத்து வைக்கேக்க, பக்கத்தில நிண்ட கட்சிக்காரி தன்ர தலையில கையை வைச்சிட்டா. எனக்கு முதல் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அழுகை வந்திட்டுது. ஒவ்வொரு சீட்டும் நீங்கள் எடுத்த ரெலிபோன் கோல் எல்லே. இந்த நாட்டில எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லையெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான்."

வாமதேவன் எச்சில் கையோடு இருந்து அழுதார். லோஜினி தண்ணீரைக் கிட்ட நகர்த்தி வைத்தார்.

"அடுத்தமுறை ஒண்டே ஒண்டு போடச் சொல்லுங்கோ" என்றாள் தங்கை.

"அடுத்தமுறை எப்ப?"

"நாலு வருஷத்தில."

"எனக்கு இப்பவே எழுபது, பிள்ளை."

"நான் நிப்பன் அண்ணை" என்றாள் சிவரூபினி. "நீங்கள் இருக்கவேணும்."