அரக்குப் புடவையும் என் லினக்ஸும்

போட்டோ எடுப்பவருக்கு ஒரு நொடி வேலை. அந்த நொடியைத் திருத்த உட்காருகிற எங்களுக்குத்தான் முதுகுவலி. மயிலாப்பூர் சந்து ஒன்றில் சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, இதுதான் என் கடை. மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைத்து, மாமியார் முகத்தில் சிரிப்பை வரவழைத்து, மவுஸ் பிடித்தே மணிக்கட்டு வீங்கிய சகோதர சகோதரிகளே, நான் சிஸ்டம் மாற்றிய கதையை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

சிபியூவுக்குச் சந்தனம்

புதிய விண்டோஸைத் தாங்குகிற வயதை என் கம்ப்யூட்டர் தாண்டிவிட்டது. புது மெஷின் வாங்கலாம், மேக்குக்குப் போகலாம், இல்லையென்றால் இருப்பதிலேயே இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டுக்கும் கையில் வசதியில்லை. அதைவிட, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைத் தூக்கிப் போட எனக்கு மனசே வரவில்லை. லினக்ஸ்தான் என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்துவிட்டால் அவ்வளவுதான். என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து சிபியூவுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். மானிட்டருக்கு நேர் மேலே புதிதாக ஒரு பிள்ளையார் படம் மாட்டி, அதற்கு ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பும் போட்டேன். கம்ப்யூட்டருக்குப் போக அங்கே மிச்சம் இருப்பது ஒரே பிளக் பாயிண்ட். அதில் செருகியிருந்த மேசை விளக்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். கற்பூரம் காட்டும் நேரத்தில் கல்யாணப் படங்களோடு உள்ளே வந்தார் போட்டோகிராபர் ஜாஃபர் பாய். தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாக்கா, கம்ப்யூட்டர் வாங்கி ஏழு வருசம் ஆவுது, இப்பப் போயி கிரகப்பிரவேசம் பண்ணிக்கினு கீற?”

ஆழ்வார்பேட்டை ஆலோசனை

முதல் வாரம் படாத பாடு பட்டேன். லினக்ஸுக்கான புதுப் போட்டோ மென்பொருளில் எல்லாம் இருந்தது, ஆனால் எதுவும் பழைய இடத்தில் இல்லை. விரல்கள் பழக்கதோஷத்தில் எதையோ அழுத்த, மணப்பெண்ணின் மூக்குத்தி காணாமல் போகும். பறக்கிற தலைமுடியைப் பின்னணியிலிருந்து பிரிப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிவிடும். அழுகை வந்தது, அழவில்லை. ஒவ்வொரு கீபோர்டு குறுக்குவழியையும் தாளில் எழுதி மானிட்டரைச் சுற்றி ஒட்டினேன்.

ஆழ்வார்பேட்டையில் விளம்பரப் படம் எடுக்கும் ரகு என்னோடு கல்லூரியில் படித்தவன். மேக்கைத் தவிர எதையும் தொடமாட்டான். அந்தப் பக்கம் வந்தவன் எட்டிப் பார்த்தான். ஒட்டியிருந்த தாள்களை ஒன்றுவிடாமல் படித்தான்.

“எல்லாரும் தன் வேலையைக் குறைக்கத்தான் கம்ப்யூட்டர் வாங்குவாங்க. நீ ஒருத்திதான் கம்ப்யூட்டரோட வேலையையும் சேர்த்துப் பாக்கறே.”

பட்டினப்பாக்கத்துச் சட்டை

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் செல்வி, இறந்துபோன கணவரின் படத்தைப் பெரிதாக்கி பிரேம் போடக் கேட்டாள். இருந்தது போனில் ஒரே படம். படகில் வெற்றுடம்போடு நிற்கிறார். கூடவே, கவர் பிரிக்காத நீலச் சட்டை ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள். அதைப் படமெடுத்து அவருக்குப் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் வேலை எனக்கு மூன்று நாள் ஆனது. காலர் கழுத்தில் உட்காரும்வரை விடவில்லை.

சிஸ்டம் புதுசு, அதனால்தான் தாமதம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் காதில் அது விழுந்ததா என்றே தெரியவில்லை. முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

“தீபாவளிக்கு வாங்கினதுக்கா, போடவே இல்ல. இப்பத்தான் போட்டுக்கினு கீறாரு.”

அரக்கா, மிளகாய்ப்பழமா?

என் கடை நடப்பதே தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் புண்ணியத்தில்தான். அவர்கள் ஆன்லைனில் போடும் புடவைப் படங்களுக்கு நான்தான் நிறம் சரிசெய்கிறேன். அந்த வேலை போனால் கடையைப் பூட்டிவிட்டு யாரிடமாவது சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான். படங்களோடு புடவையையும் அனுப்புவார்கள். கண் கூசாமல் இருக்க டியூப் லைட்டை அணைத்துவிட்டு, புடவையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டும் ஒன்றாகும்வரை திருத்துவேன்.

லினக்ஸில் செய்த முதல் கட்டுப் படங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. அரக்கு மிளகாய்ப்பழமாக இருக்கிறதாம், பச்சை கறுப்படிக்கிறதாம். மறுபடி செய்தேன், மறுபடி திரும்பின. ரகுவிடம் நிறம் அளக்கும் கருவியை இரவல் வாங்கித் திரையில் வைத்துப் பார்த்தேன். திரை சரியாகத்தான் இருந்தது. “மேக் வாங்கு” என்றான் ரகு. “பழசையே போட்டுக்கோக்கா” என்றார் ஜாஃபர் பாய். தப்பு லினக்ஸில் இல்லை என்று நான் சாதித்தேன். எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. ஜவுளிக்கடை முதலாளியே போனில் வந்தார்.

“நீங்க எதுல வேணாலும் பண்ணுங்கம்மா. படத்துல ஒரு கலர், பிரிச்சா ஒரு கலர்னா பார்சல் எனக்குல்லா திரும்பி வருது? வியாழக்கிழமை வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்.”

வாசலுக்கு வாங்க

புதன்கிழமை காலை புடவைகளை எடுத்துப்போக அந்தக் கடை சேல்ஸ்மேன் முருகேசன் அண்ணாச்சி வந்தார். டியூப் லைட் அணைந்திருந்த அறையில் அரக்குப் புடவையை அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், “இது எங்க கடைச் சேலையே இல்லையேம்மா” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. நிறத்தில் சந்தேகப்படுகிற வாடிக்கையாளரை வெளிச்சத்துக்கு அழைத்துப்போகிற அதே பழக்கத்தில் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன். வெயிலில் அரக்கு அரக்காகவே இருந்தது. உள்ளே வந்தோம், மிளகாய்ப்பழம். வெளியே, அரக்கு. உள்ளே, மிளகாய்ப்பழம். அண்ணாச்சி மெல்ல அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பிள்ளையாருக்கு முன்னால் சிவப்பு பல்பு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

இத்தனை நாள் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் புடவையைப் பார்த்து, அதற்குச் சரியாகப் படத்தைச் சிவப்பாக்கியிருக்கிறேன்! பல்பைப் பிடுங்கிவிட்டு மேசை விளக்கைச் செருகினேன். புடவைகளை ஒரு நாள் விட்டுப்போகச் சொல்லி, எல்லாப் படங்களையும் அதே லினக்ஸில் முதலிலிருந்து செய்தேன். வியாழக்கிழமை மதியம் அனுப்பினேன், ஒன்றுகூடத் திரும்பவில்லை. சாயங்காலம் அடுத்த கட்டுப் புடவைகளோடு வந்த அண்ணாச்சி, இருட்டில் இருந்த பிள்ளையாரையும் என் முகத்தையும் பார்த்தார்.

“வெள்ளை பல்பு போட்டா அவரு ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரும்மா.”

ஆகவே, போட்டோ வேலைக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில், உங்கள் கைக்குப் படிந்ததைப் போட்டுக்கொண்டு ஊரே சொன்னாலும் மாற்றாதீர்கள், ஆனால் ஊரோடு சண்டைக்குப் போகுமுன் தலைக்கு மேலே என்ன எரிகிறது என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள் என்பதுதான்.