சூசை சொல்ல வந்த பேர்

வயதான சிப்பாய்களின் சண்டை நினைவுகளைப் பதிவு செய்கிற வேலைக்கு இரண்டு காது போதும், வாய் இருந்தால்தான் தொல்லை. எனக்கோ வாய் மட்டும்தான் இருந்தது. கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் நான் உட்காராத மறியல் இல்லை, ஏறாத மேடை இல்லை. படிப்பெல்லாம் துண்டறிக்கையில் படித்ததுதான். கிழவர்கள் போய்ச் சேருவதற்குள் அவர்கள் சொல்வதைப் புத்தகமாக்க வேண்டும் என்று எங்கள் பழைய தோழர்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள். போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்; நான் செல்போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்தவரைப் பேசி முடிக்க விடாத வியாதி உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள். துணைக்கு ஆள் இருக்கிறது.

கையெழுத்து

சங்கராபுரத்தில் பெருமாள் என்று ஒருவர், பட்டாளத்தில் பனிமலைப் பக்கம் லாரி ஓட்டியவர். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து ஆரம்பித்தார். "காலைல வண்டி கிளம்பாது தம்பி. டீசல் உறைஞ்சி பூடும். டாங்குக்கு அடியில நெருப்பு போட்டுக்கினு குந்தினு இருப்போம்."

எனக்கு டீசலா முக்கியம்? "ஏழை வீட்டுப் பிள்ளைகளை ஆட்சியாளர்கள் பலி கொடுத்தார்கள், அப்படித்தானே?" என்றேன். அவர் மறுபடியும் டாங்குக்கு வந்தார். நான் மறுபடியும் ஆட்சியாளர்களுக்கு வந்தேன். டீ ஆறிப்போனது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இன்னா தம்பி, நீ கேக்க வந்தியா, பதில நீயே எழுதியாந்துட்டு கையெழுத்து வாங்க வந்தியா?"

கைதட்டல்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஆண்டியைப் பார்க்கப் போனேன். வங்கதேசச் சண்டையில் பக்கத்தில் குண்டு வெடித்து அவருக்குக் காது போயிருந்தது. எனக்கு அது தெரியாது. என் கேள்விக்கு அவர் பேசாமல் இருந்ததும் குரலை உயர்த்தினேன். சத்தம் கேட்டு மரவள்ளிக் காட்டில் இருந்தவர்கள் வந்து நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்தால் நான் நானாக இருக்க மாட்டேன். முன்னாள் சிப்பாயின் உரிமை, மலைமக்களின் நிலம், வராத ரோடு என்று அரை மணி நேரம் முழங்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஆண்டியும் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் செருப்பை மாட்டினேன்.

"அவருக்குச் சுத்தமா காது கேக்காதுங்க. பக்கத்துல சும்மா குந்தினு இருந்தா அவரா சொல்லுவாரு. நீங்க குந்தவே இல்லியே."

இடைவெளி

எலவனாசூர்கோட்டைப் பக்கம் இருந்தவர் சூசை. சீனச் சண்டைக்குப் போனவர். ஆண்டுதோறும் ஒரு நாள் சாப்பிட மாட்டார். சண்டையில் செத்துப்போன ஒரு சிப்பாய்க்காக அன்று மாதா கோயிலில் பூசை வைப்பார். பாதர் பேர் கேட்டால், "ஆண்டவருக்குத் தெரியும்" என்பாராம். அந்தப் பேரை மகள் ஸ்டெல்லாவிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு தடவை வாதம் வந்து வாய் கோணிச் சரியாகியிருந்தது. இன்னொரு தடவை வந்தால் பேச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், வெளியாள் என்றால் சொல்கிறேன் என்று சூசை என்னை வரச் சொன்னார். "பேர மட்டும் வாங்கிக் குடுங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா வெளியே போனார்.

சூசை என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பனியில என்மேல சாஞ்சிக்கினு இருந்தான். தூங்கறான்னு நெனச்சேன். எழுப்பல. எழுப்பியிருக்கணும். அவன் பேரு..." என்று நிறுத்தினார்.

மேடையில் இடைவெளி விட்டால் கூட்டம் எழுந்து போய்விடும். அந்தப் பழக்கம் எனக்கு. "அவன் பேர் எதுவானால் என்ன அய்யா! அவன் பேர் ஏழை! அவன் பேர் உழைப்பாளி!" என்றேன். நல்ல வரி என்று எனக்கே பட்டது. புத்தகத்துக்கு அட்டைவரி கிடைத்துவிட்டதாகக்கூட நினைத்தேன். சூசை என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நான் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னார்.

"அப்படியே போட்டுக்குங்க தம்பி. நீங்க படிச்சவங்க."

பூசை

டாக்டர் சொன்னபடியே இன்னொரு தடவை வந்தது. பேச்சு போனது, கையும் விழுந்தது, சில நாளில் சூசையும் போய்விட்டார். அடக்கம் முடிந்து ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு வைக்கிற பூசையில் அந்தச் சிப்பாயின் பேரையும் சேர்த்துப் படிக்க வேண்டுமாம். நான் செல்போனைத் தடவிக்கொண்டு, பதிவு சரியில்லை, இரைச்சல் அதிகம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"அவன் பேரு" வரைக்கும் தலையைக் குனிந்து கேட்டார். அப்புறம் என் குரல். அது முழங்கி முடிகிற வரைக்கும் பொறுமையாகவே கேட்டார். அது முடிந்த பிறகும் ஏதாவது வருமா என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் கோபமாகக்கூட இல்லை.

"பாதர் பேரு கேக்கறாருங்க. உழைப்பாளின்னு குடுத்துடட்டுங்களா?"

மைக் வைக்க அனுமதி கேட்டு எத்தனையோ போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். பேச விடுகிற அனுமதி என் கையில் இருந்த ஒரே ஒரு நாள் ஒரு கிழவருக்கு அதைக் கொடுக்கவில்லை.