தங்கச்சி தலையில் கட்டியவை

என் வீடு சுத்தமான வீடு என்று எங்கள் வீதியில் பேர். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை போகிற வழியில், மேட்டில் இருக்கிற சின்ன வீடுதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் தரை தெரியும். அலுமாரிக்கு மேல் ஒரு பெட்டி இருக்காது. பாவிக்காத பொருள் ஒரு வருசத்துக்கு மேல் வீட்டில் தங்கக் கூடாது என்பது என் சட்டம். அதற்குப் பயந்து என் கணவர் பழைய சார்ஜர்களையும் ஓடாத கைக்கடிகாரங்களையும் மேசை லாச்சியில், காகிதங்களுக்கு அடியில் ஒளித்து வைப்பார். அதையும் கண்டுபிடித்துவிடுவேன்.

நான் ஆசிரியை. பாடசாலையில் சுற்றாடல் கழகம் என் பொறுப்பு. மூன்று நிறக் கூடைகளுக்கு முன்னால் நின்று, எது எதில் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். ஆகவே வேண்டாத சாமான்களை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரு பெருமையான பதில் தயாராக இருந்தது. நான் எதையும் குப்பையில் போடுவதில்லை, தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவேன்.

தோட்டம் என்றால் தெல்தோட்டைப் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம். நான் படித்து வேலை கிடைத்து டவுனுக்கு வந்துவிட்டேன். தங்கச்சி அங்கேயே கலியாணம் முடித்து, லயம் என்கிற வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் புருசனோடும் மகளோடும் இருக்கிறாள். எங்களைப் போல டவுனுக்கு வந்த குடும்பங்களில் இது ஒரு வழக்கம். தீபாவளிக்கு வீடு கழுவும்போது கழிக்கிறதை எல்லாம் உரப் பையில் திணித்து, மேலே ஒரு புதுச் சேலையை வைத்துக் கட்டி, தோட்டத்துச் சொந்தத்துக்குக் கொண்டு போய்க் கொடுப்போம். வாங்குகிறவர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. சொன்னால் மரியாதைக் குறைவு, டவுன் அக்கா மனசு நோகும்.

அப்படித்தான் ஒரு வருசம் டீவி போனது. முதுகு பெருத்த பழைய டீவி. படம் ஒரு பக்கம் பச்சையாக விழும், தட்டினால் சரியாகும் என்று சொல்லிக் கொடுத்தேன். இன்னொரு வருசம் பிரிட்ஜ். கேஸ் அடித்தால் ஓடும் என்றேன். இனி கேஸ் அடித்தாலும் ஓடாது என்று திருத்துகிறவர் என்னிடம் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டேன். கால் ஆடுகிற கதிரைகள், பிடி கழன்ற சட்டிகள், வருசத்துக்கு இரண்டு மூன்று பை உடுப்பு. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பும்போது மனசு லேசாக இருக்கும். நல்ல காரியம் செய்த நிம்மதி என்றுதான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு குறை இருந்தது. தங்கச்சி என்னை வீட்டுக்குக் கூப்பிடுவதே இல்லை. ஆட்டோ நிற்கிற ரோட்டிலேயே காத்துக்கொண்டிருப்பாள். பைகளை அவள் புருசன் தூக்கிக்கொண்டு மேலே போவார். நாங்கள் இரண்டு பேரும் கோயில் படியில் உட்கார்ந்து, அவள் பிளாஸ்கில் கொண்டு வந்த தேத்தண்ணியைக் குடிப்போம். வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது, இன்னொரு நாளைக்கு வாங்கக்கா என்பாள். வருசா வருசம் அந்த இன்னொரு நாள் வரவில்லை. நான் டவுன்காரியாகிவிட்டேன், அதுதான் அவளுக்கு மனசுக்குள் என்னமோ என்று எனக்குள்ளே கோபமும் இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால், பௌர்ணமி லீவான ஒரு போயா நாள், புதன்கிழமை, இரண்டு பைகளோடு போனேன். நல்ல மழை. ரோட்டில் தங்கச்சியைக் காணவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லாமல், ஆட்டோக்காரரிடம் ஒரு பையைக் கொடுத்து, மற்றதை நான் தூக்கிக்கொண்டு படியேறினேன். வாசலுக்கு முன்னால் இஸ்தோப்பில் பைகளை இறக்கி வைத்துவிட்டு, சாத்தியிருந்த கதவைத் தள்ளினேன்.

உள்ளே இருட்டாக இருந்தது. பகலில், மழை நாளானாலும், அந்தக் காம்பராவில் அவ்வளவு இருட்டு இருக்க நியாயமில்லை. இருக்கிற ஒரே ஜன்னலை என் பிரிட்ஜ் மறைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேல் என் டீவி. டீவிக்கு மேல் உரப் பைகள், கூரைத் தகரம் வரைக்கும். கதிரைகள் கவிழ்த்து அடுக்கப்பட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தன. பைகளின் வாயைப் பார்த்தேன். நீல நைலோன் கயிறு, இரட்டை முடிச்சு. அது நான் போடுகிற முடிச்சு. மேலே இருந்த சேலையை மட்டும், பையைப் பக்கவாட்டில் கீறி எடுத்திருந்தார்கள், முடிச்சு அவிழவில்லை. தங்கச்சி மகள் மிச்சமிருந்த இடத்தில், தரையில், பல்பைப் போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி தண்ணீர்ப் பீலியிலிருந்து குடத்தோடு வந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தப்புச் செய்து கையும் களவுமாகப் பிடிபட்டது அவள் என்பது போல நின்றாள். பிரிட்ஜ் நல்லா பாவிக்குதுக்கா என்று அவசரமாகச் சொல்லி, கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே மகளின் பாடசாலை உடுப்பை மடித்து வைத்திருந்தாள். எலி போகாதாம். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அதற்குள் கண் கலங்கிவிட்டது.

விசயத்தை உடைத்தது அவள் புருசன்தான். தங்கச்சிக்குத் தோள்பட்டை வலி, கூடை சுமந்து கொழுந்து எடுக்க முடியவில்லை, தோட்டத்து வேலைப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது இதுதான். கண்டியில் உடுப்புத் தைத்து விற்கிற ஒரு அம்மா, வீட்டிலிருந்து பாடசாலை உடுப்புத் தைக்கிறவர்களுக்கு மெசின் கொடுக்கிறார். தங்கச்சியின் தையலைப் பார்த்துப் பிடித்துப்போய், மெசின் வைக்க வெளிச்சமான இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். இடம் இல்லையென்றால் மெசின் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"வேணாம்னு சொல்லப் போறாளாம், மதினி. எடமில்லன்னு," என்றார் அவர்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் வழக்கமே அது, வெட்கப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுவேன். "இதையெல்லாம் தூக்கி வீசியிருக்கலாம்ல?" என்று தங்கச்சியைக் கேட்டேன்.

"அக்கா குடுத்தத எப்பிடிக்கா வீசறது? ஒரு நாளைக்கு வந்து, அது எங்கடின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அங்கேயே, பை ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். உட்கார வேறு இடமும் இல்லை. என் வீட்டுத் தரை பளபளவென்று தெரிவதற்கு இவர்கள் ஜன்னலைக் கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுத்தது எதுவும் கொடை இல்லை. கழிக்கச் சோம்பல்பட்டதைத் தங்கச்சி தலையில் கட்டியிருக்கிறேன். புரிந்த பிறகு அழுதுகொண்டிருப்பதில் பிரயோசனம் இல்லை. சனிக்கிழமைக்கு முன்னால் ஜன்னல் திறக்க வேண்டும், என்னுடையது எல்லாம் என்னோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

தங்கச்சி புருசன், அவ்வளவு தூரம் எதற்கு என்றார். லயத்துக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் தள்ளிவிட்டால் இரண்டு நிமிச வேலை, எல்லாரும் அங்கேதான் போடுகிறார்கள், பையை வேண்டுமானால் கொளுத்திவிடலாம் என்றார். எட்டிப் பார்த்தேன். அந்தப் பள்ளத்துத் தண்ணீர்தான் கீழ் லயத்துப் பீலிக்குப் போகிறது. சின்ன வயதில் அந்தப் பீலியில்தான் நாங்கள் குளித்தோம், குடித்தோம். "வேணாங்க. நான் கொண்டாந்தது, நானே கொண்டு போறேன்," என்றேன். இஸ்தோப்பில் இருந்த புதுப் பைகள் இரண்டையும் அப்போதே ஆட்டோவில் திருப்பி ஏற்றினேன்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். எங்கள் வீதிக்குப் போத்தலும் பழைய இரும்பும் எடுக்க வருகிற, கலகெதரைப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். அவருடைய சின்ன லொறியைப் பேசிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். நானும் நானாவும் தங்கச்சி புருசனும், தோள் வலியோடு தங்கச்சியும் தூக்கி இறக்க ஒரு மத்தியானம் சரியாகப் போனது. பிரிட்ஜ் வாசலைத் தாண்டவில்லை. உள்ளே வரும்போது கழற்றிய கதவு நிலையை மறுபடி கழற்ற வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் இஸ்தோப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கொடுத்ததை அக்காக்காரி பிடுங்கிக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லொறியில் ஏறும்போது நானா சொன்னார்: "டீச்சர், சாமான் தோட்டத்துக்கு ஏறுறதப் பாத்திருக்கேன். எறங்கி வாறத இன்னைக்குத்தான் பாக்குறேன்."

கதிரைக் கம்பிகளையும் சட்டிகளையும் போத்தல்களையும் அவரே எடுத்துக்கொண்டார். பிரிட்ஜையும் கேட்டார். அதில் மிச்சமிருக்கிற கேஸை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். குழாயை வெட்டினால் தானாகப் போய்விடும் என்றார். அப்படியானால் தர மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை, இந்த டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்பது போல் பார்த்தார்.

மிச்சத்தை எல்லாம் எங்கள் வீட்டு முன் ஹோலில் இறக்க வைத்தேன். பின்பக்கம் வைத்தால் மறந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். என் கணவர் டீவியைச் சுற்றி ஒரு நடை நடந்து, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, இன்னும் பச்சையாகத்தான் விழுமா என்று கேட்டார். எத்தனையோ வருசமாகத் தன் சார்ஜர்களுக்காகப் பட்ட பாட்டுக்கு அவர் அன்றைக்குக் கணக்குத் தீர்த்துக்கொண்டார்.

அந்த வருசத் தீபாவளியை நாங்கள் குப்பைக்கு நடுவில்தான் கொண்டாடினோம். வந்தவர்கள் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டு வந்து ஒரு பை அவிழ்ப்பது என்று வைத்துக்கொண்டேன். என் முடிச்சுகளை நானே அவிழ்த்தேன். உள்ளே இருந்தவை என்னை உரித்துப் போட்டன. கொக்கி இல்லாத சட்டைகள், ஒற்றைச் செருப்பு, தரை துடைக்கக்கூட நான் எடுத்திருக்க மாட்டாத துவாய்கள். பழைய கைப்பை ஒன்றில் காலம் கடந்த மாத்திரை அட்டைகள் இருந்தன. அந்தச் சின்னப் பிள்ளை எடுத்து வாயில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த நாளே கொண்டு போய், மருந்துக் கடையில் கேட்டு, திருப்பி எடுக்கிற இடத்தில் ஒப்படைத்தேன்.

நல்ல உடுப்பு ஒரு பைகூடத் தேறவில்லை. தேறியதைத் துவைத்து, பட்டன் வைத்து, கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தேன். கிழிந்த பருத்தித் துணியை வெட்டி, பக்கத்து மோட்டார் கராஜுக்குக் கொடுத்தேன். எண்ணெய் துடைக்க அவர்களுக்குத் தேவையாம், சந்தோசமாக வாங்கினார்கள். டீவியையும் சார்ஜர்களையும் கைக்கடிகாரங்களையும், பழுதான மின்சாரச் சாமான்களைப் பிரித்தெடுக்கிற ஒரு இடம் பல்லேகலப் பக்கம் இருப்பதைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். பிரிட்ஜ்தான் கடைசி வரை நின்றது. கேஸை ஒழுங்காக உறிஞ்சி எடுக்கிற ஆளைக் கண்டுபிடிக்க ஏழெட்டுப் பேரிடம் போனில் பேசினேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருவர் வந்தார். அவர் எடுத்து முடித்த பிறகுதான் நானாவைக் கூப்பிட்டு, இப்போது கொண்டு போங்கள் என்றேன்.

சுற்றாடல் கழகத்தில் கூடைகளுக்கு முன்னால் நின்றபோது இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நான்காவது கூடை ஒன்று இருந்தது பிள்ளைகளே, அதற்கு டீச்சர் தங்கச்சி வீடு என்று பேர் வைத்திருந்தேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அந்த அம்மா வந்து பார்த்ததையும், அடுத்த கிழமையே மெசின் வந்ததையும் தங்கச்சி போனில் சொல்லியிருந்தாள். அடுத்த பாடசாலைத் தவணைக்கு உடுப்புத் தைக்கிற அவசரம், கோயில் படிக்கு வர நேரமில்லை என்றாள். அதனால் மார்கழி லீவில் நான் போனேன். கிளம்பும்போது ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டு போ, வெறுங்கையோடா போவாய் என்று கணவர் கேட்டார். நான் எதையும் எடுக்கவில்லை. அந்த வீட்டுக்குள் என் கையால் எதுவும் போகக் கூடாது என்று ஒரு பிடிவாதம்.

படியேறும்போதே மெசின் சத்தம் கேட்டது. ஜன்னல் திறந்திருந்தது. வெளிச்சத்தில் வெள்ளைத் துணி குவிந்திருக்க, தங்கச்சி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். மகள் அவள் பக்கத்தில் ஒரு பலகையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் தங்கச்சி எழுந்து பாயை உதறி விரித்தாள்.

"ஒண்ணும் கொண்டாரலடி. வெறுங்கையோடதான் வந்தேன்," என்றேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

"நல்லதாப் போச்சுக்கா," என்றாள். "இப்பத்தான் ஒங்கள உள்ள கூப்புட்டு உக்கார வைக்க எடமிருக்கு."

பதினொரு வருசமாக அவள் என்னைக் கூப்பிடாத காரணம் அதுதான். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.